இருநூறு கடிதத்துக்குத்தான் இடம்

மனைவி லோர்னாவை அடக்கம் செய்த அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். ஆர்விட் இரண்டு சாண்ட்விச் சாப்பிட்டார். மூன்றாவதையும் சாப்பிட்டிருப்பார், யாரோ கையைப் பிடித்துக்கொண்டு அழுததால் முடியவில்லை. அவருக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி இன்னும் இறங்காத மாதிரி முகம் முழுக்க மரத்துக் கிடந்தது.

அங்கேதான் டுவெய்ன் வந்தான். டுலூத் நகரத்துக் கணினிப் பைத்தியங்களுக்காகத் தன் வீட்டிலிருந்து ஒரு பலகை நடத்துகிறவன். பலகை என்று பேர்தானே தவிர, அவன் வீட்டுக் கணினியும் அதற்கென்று போட்ட ஒரே ஒரு தொலைபேசி இணைப்பும்தான் அது. கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடம் வைத்திருக்கிற யாரும் அந்த எண்ணை அழைத்து, மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படிக்கலாம், தாங்களும் எழுதி வைக்கலாம். லோர்னா இரண்டு வருஷமாக அதிலேயே பழியாய்க் கிடந்தாள்.

"அவங்க எழுதினது முப்பத்தொண்ணு இன்னும் பலகையில இருக்கு, ஆர்விட்" என்றான் டுவெய்ன். "ஆனா மொத்தம் இருநூறு கடிதத்துக்குத்தான் இடம். புதுசா ஒண்ணு வந்தா, இருக்கறதுலயே பழசு தானா அழிஞ்சிடும். ஒரு நாளைக்கு ரெண்டு மூணுதான் வரும், அவசரமில்ல. நான் வேணா எடுத்துத் தரட்டுமா?"

"அட, உனக்கெதுக்குப்பா சிரமம்."

"சிரமம் என்ன? ஒரு பிளாப்பில போட்டுத் தரேன்."

"வேணாம் வேணாம். நானே பாத்துக்கறேன்."

டுலூத்தில் எதையும் முதல் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. மூன்றாவது தடவை கேட்டால், 'சரி, உன் இஷ்டம்' என்று வாங்கிக்கொள்வார்கள். டுவெய்ன் கலிபோர்னியாவில் வளர்ந்தவன். அவனுக்கு இந்தச் சடங்கெல்லாம் தெரியாது. இரண்டாவதாகச் சொன்ன 'வேணாம்' என்பதை அப்படியே நம்பி, காபி ஊற்றிக்கொள்ளப் போய்விட்டான். ஆர்விட் காலித் தட்டோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

வீட்டில் இருந்த புரோகிராம் மோடத்தோடு சும்மா வந்தது. லோர்னா கடைசி வரை அதைத்தான் வைத்திருந்தாள். வருகிற எழுத்தைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். மேலே நகர்ந்து போனது போனதுதான். பிளாப்பியில் பிடித்து வைக்க வேண்டுமென்றால் வேறு புரோகிராம் வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் ஆர்விட் பள்ளி நிர்வாகத்தில் கொள்முதல் அதிகாரி. சாக்பீஸ் வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் விசாரித்து, கட்டம் போட்டு, ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். இருபத்தாறு வருஷப் பழக்கம். மனைவி செத்துப்போனதால் அது மாறிவிடுமா என்ன?

செவ்வாய்க்கிழமை கணினிச் சங்கத்துக்குப் போனார். சங்கத்தின் பிளாப்பிகளையெல்லாம் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுக் கட்டிக் காப்பவள் பெர்னீஸ் கோஸ்கி. லோர்னாவின் சிநேகிதி. வாய் சும்மா இருக்காது.

"எழுத்தைப் பிடிச்சு வைக்கணும், அவ்வளவுதானே? இந்தா, இதை எடுத்துட்டுப் போ. வின்னிபெக்காரன் ஒருத்தன் எழுதினது. ஓசி."

"எவ்வளவு பிடிக்கும்?"

"பத்துப் பக்கம். ரொம்பிடுச்சுன்னா பிளாப்பில இறக்கிட்டு மறுபடி ஆரம்பிக்கணும்."

"இறக்கற நேரத்துல வர்ற எழுத்து?"

"போகும். ரெண்டு வரி போனா உலகம் முழுகிடுமா?"

"கடையில ஒண்ணு விக்கறாங்களாமே? லைன் கிடைக்கலன்னா அதுவே திரும்பத் திரும்பக் கூப்பிடுமாம்."

"ஆர்விட், நீ என்ன வீடா வாங்கறே? புரோகிராம்ப்பா! இன்னிக்கே போட்டு எடு."

வாங்கிக்கொண்டு வந்தார். போடவில்லை. சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து மூன்று புரோகிராம்களின் பேரையும் எழுதிக் கட்டம் போட்டார். எவ்வளவு பிடிக்கும், எத்தனை வேகம், அச்சடிக்குமா, கையேடு எத்தனை பக்கம் என்று கட்டங்கள் பதினொன்று ஆயின. கடைக்கு இரண்டு முறை போன் செய்தார். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்த கேசரோல் பண்டத்தை அடுப்பில்கூட வைக்காமல் சில்லென்று தின்றுகொண்டே கட்டத்தை நிரப்பினார். அந்த நாட்களில் அவர் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

லோர்னாவின் பழைய புரோகிராம் இருந்த பிளாப்பி டிரைவிலேயே செருகிக் கிடந்தது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, திரையில் வருவதைப் பார்த்து எழுதியிருந்தால் ஒரே மத்தியானத்தில் முப்பத்தொன்றும் கைக்கு வந்திருக்கும். அது அவருக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நன்றாகத் தெரியும். ஆனால் எழுத வேண்டுமென்றால் படிக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய் பெர்னீஸ் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து எண்ணினேன், ஆர்விட். அவளோடது ஒம்பதுதான் மிச்சம். பலகைல இருக்கறவன் எல்லாம் அனுதாபம் எழுதறான். மில்வாக்கிலேர்ந்துகூடக் கூப்பிட்டு எழுதறாங்க. இவங்க அழுது ஒண்ணு போட, பின்னாடி ஒண்ணு காணாமப் போவுது. அதுல பாதி அவ எழுதினது. நானே ரெண்டு போட்டுத் தொலைச்சேன், புத்தி கெட்டவ! நல்லவேளை, நீ போன வாரமே எடுத்து வெச்சுட்டே. வெச்சுட்டே இல்ல?"

"ம். ஆச்சு" என்றார் ஆர்விட்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. சொன்ன பொய்க்காக வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது, வெட்கம் வரவில்லை. ஒன்பது என்ற எண்ணை மட்டும் மனசில் குறித்துக்கொண்டு காரை எடுத்தார்.

ஒப்பிட்டு முடித்துக் கடையில் சொல்லி வைத்த புரோகிராம் வியாழக்கிழமை வந்தது. கையேடு எண்பத்து நான்கு பக்கம். வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைப் படித்தார். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பலகையைக் கூப்பிட்டார். லைன் பிஸி. புரோகிராம் தானே திரும்பக் கூப்பிட்டது. மறுபடி பிஸி. இருப்பது ஒரே லைன். பிஸி என்றால் யாரோ உள்ளே உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று அர்த்தம். என்ன எழுதுவார்கள் என்பதும் தெரிந்ததுதான். இரண்டு மணி நேரம் ஆர்விட் கையைக் கட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

இரண்டே காலுக்கு லைன் கிடைத்தது. லோர்னாவின் ரகசியச் சொல் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது, அதையே அடித்தார்.

'வாங்க, லோர்னா. நீங்கள் கடைசியாக வந்தது பிப்ரவரி 26' என்றது பலகை.

கடிதங்கள் இருநூறு. ஆர்விட் பட்டியலை ஓடவிட்டார். நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் மற்றவர்கள் எழுதியது. ஆகப் பழையது, முதல் இடத்தில் இருந்தது, ஒன்றே ஒன்று அவளுடையது. புதிதாக வந்த யாரோ ஒருவருக்குப் பதில். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'எந்த புரோகிராம் நல்லதுன்னு கேட்டிருக்கீங்க. எதை வேணா எடுத்துக்குங்க, எல்லாம் போன் போடத்தான். என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டா ஒரு மாசம் ஒப்பிடுவார். எங்க வீட்டு டோஸ்டர் அப்படித்தான் வந்துச்சு. ஆறு வாரம் வெறும் ரொட்டி தின்னோம். வாங்கிப் பதினாலு வருஷம் ஆச்சு, ஒரு நாள்கூட மக்கர் பண்ணல, அதையும் சொல்லணும். உருளைக்கிழங்கு பொங்குது, போறேன். லோர்னா.'

ஆறு வாரம் இல்லை, ஐந்துதான் என்று ஆர்விட் நினைத்தார். வேறெதுவும் தோன்றவில்லை. கடிதத்தைப் பிளாப்பியில் பதிந்தார். பதிந்ததைத் திறந்து ஒரு எழுத்து விடாமல் சரிபார்த்தார். இன்னொரு பிளாப்பியிலும் பதிந்தார். வேலை முடிந்தது. இனி இணைப்பைத் துண்டிக்க வேண்டியதுதான்.

அவர் துண்டிக்கவில்லை. அவர் உள்ளே இருக்கும்வரை வேறு யாரும் வர முடியாது. யாரும் வராதவரை யாரும் எழுத முடியாது. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. ஒன்றும் தின்னாமல், எழுந்திருக்காமல், நாற்காலியிலேயே இருந்தார். ஐந்து மணிக்குத் திரையில் தானாக எழுத்து வந்தது. டுவெய்ன் தன் வீட்டிலிருந்து தட்டுகிறான்.

'ஆர்விட், நீங்கதானே? மூணு மணி நேரமா லைன் பிஸி. எல்லாரும் எனக்குப் போன் பண்ணிக் கேக்கறாங்க. பதிஞ்சு முடிஞ்சுதா?'

'முடிஞ்சுது. ரெண்டு பிரதி எடுத்திருக்கேன்.'

'அப்ப லைனை விட்டுடலாமே?'

ஆர்விட் ஒற்றை விரலால் தட்டினார்.

'விட்டா அவ போயிடுவா.'

தட்டியதைத் திரையில் பார்த்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. மூன்று வாரத்து அழுகை, சத்தம் போட்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டுவெய்ன் தன் பக்கத்திலிருந்து லைனைத் துண்டிக்கவில்லை.