முப்பத்திரண்டு கட்டங்கள்

பதினாறு ஜீபீ பென் டிரைவ் முழுக்கக் காலி. வீடியோ ஐந்து ஜீபீதான். ஆனாலும் மூன்றாம் முறையும் கணினி, கோப்பு பெரிது, கொள்ளாது என்றது. பஸ்மியா கண்ணைக் கசக்கினாள். காலை எட்டு மணியிலிருந்து கடையில் போட்டோக்கொப்பி இயந்திரத்தின் சூட்டோடு நிற்கிறாள், இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"இடம் காணாதெண்டு அவர்ர பாட்டெல்லாத்தையும் அழிச்சுப்போட்டன் தங்கச்சி," என்றாள் பென் டிரைவைக் கொண்டுவந்த சிவரூபி. "இப்ப பாட்டும் இல்லை, படமும் இல்லை. ஓட்டோவை வேற நிப்பாட்டிப்போட்டு வந்தனான்."

மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு நடந்த அன்று சிவரூபியின் கணவன் கதிரவேல் மீன்பிடிப் படகில் நடுக்கடலில் நின்றான். வீடியோக்காரர் படத்தை இன்றுதான் தந்தார். நாலு மணிக்குக் கொட்பே துறைமுகத்திலிருந்து படகு மறுபடி கிளம்பும். போனால் ஒரு மாதம். படகில் ஒரு குட்டி டீவீ இருந்தது. அதில்தான் அவன் மகளின் சடங்கைப் பார்க்க வேண்டும்.

மேசையில், காலையில் யாரோ பிழையென்று விட்டுப்போன பழைய படிவம் கிடந்தது. அடையாள அட்டை இலக்கத்துக்குப் பத்துக் கட்டம். புதிய இலக்கமோ பன்னிரண்டு. கடைசி இரண்டும் வெளியே தொங்கின. தாளில் இடமில்லாமலா? பாதித் தாள் வெள்ளை. கட்டந்தான் இல்லை.

பஸ்மியா நிமிர்ந்தாள். கணினி வகுப்பில் படித்தது அப்போதுதான் விளங்கியது. இந்தப் பென் டிரைவின் பழைய அமைப்பு, ஒவ்வொரு கோப்பும் எத்தனை பைட் என்று எழுதிவைக்க முப்பத்திரண்டு கட்டம் வைத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் பூச்சியம் அல்லது ஒன்றுதான் போடலாம். எல்லாவற்றிலும் ஒன்றைப் போட்டாலும் நானூற்றிருபத்தொன்பது கோடி சொச்சந்தான் வரும்: நாலு ஜீபீக்கு ஒரு பைட் குறைவு. ஐந்தை வைக்க இடம் உண்டு, எழுதக் கட்டமில்லை.

"வேற மாதிரிப் போர்மட் பண்ணினா முழுசாப் போகும் அக்கா. ஆனா அந்த டீவீ வாசிக்குமோ தெரியாது."

"ஐயோ, வேண்டாம். போன முறை அப்பிடி ஒண்டைக் குத்திப்போட்டு மாசம் முழுக்க நீலத் திரையைப் பார்த்தவங்களாம். வெளியில பார்த்த கடல் நீலம் காணாதெண்டு."

பஸ்மியாவுக்கு அந்தக் களைப்பிலும் சிரிப்பு வந்தது. "அப்ப ரெண்டா வெட்டுவம். எதில வெட்ட?"

திரையில் மகள் தலைமுழுகி, ஈரம் சொட்ட நின்றாள். சிவரூபி திரைப்பக்கம் குனிந்தாள்.

"சாறி உடுக்க முன்னம் வெட்டுங்கோ. அவர் விட்டுட்டுப் போன சின்னப்பிள்ளை அதுவரைக்குந்தான்."

முதல் துண்டு இரண்டு ஜீபீ, அடுத்தது மூன்று. இரண்டும் நாலுக்குள். இரண்டும் பென் டிரைவுக்குள் போயின.