நான்கு விநாடி கழித்து ஒரு கோல்

பந்து வலைக்குள் போயிற்று. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கத்தினார்கள், கத்தி முடித்து உட்கார்ந்தும் விட்டார்கள். தொலைக்காட்சியில், கோல் அடித்தவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினான். அப்போதுதான் மாப்பிள்ளையின் மார்பில் தொங்கிய தீப்பெட்டி அளவு கருவி கணீரென்று சொன்னது: "கோல்! அற்புதமான கோல்!"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பேருந்து போன பிறகு நிறுத்தத்துக்கு ஓடி வந்தவரைப் பார்ப்பது போல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கழுத்துப் பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். செய்தித்தாளின் ஓரத்தில் எழுதி மனைவியின் அண்ணன் ராக்கெட்டிடம் நீட்டினார்: 'ஞாயிற்றுக்கிழமை மைக்கை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிடு, மச்சான்.'

மாப்பிள்ளைக்கு டயர் கடை. ஆனால் ஊர் அவரை அறிந்தது விளையாட்டு மைதானத்து மைக்கில்தான். இருபது வருடம் சம்பளமில்லாமல் கால்பந்து வர்ணனை. அவர் வாயைத் திறந்தால் மைக்குக்கே வியர்க்கும் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்தது. மருத்துவர்கள் குரல்வளையை எடுத்துவிட்டு ஆளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அவர் மனைவி, ராக்கெட்டின் தங்கை, பேச்சுக் கருவிகள் செய்யும் ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். சத்தமில்லாமல் வாயசைத்தால் போதும். தாடையிலும் கழுத்திலும் தசைகள் துடிக்கும்போது எழும் நுண்ணிய மின்சாரத்தைப் பட்டை படிக்கும். பெட்டி அதைப் பேச்சாக்கும். குரல்கூட அவருடையதே, பழைய வர்ணனை நாடாக்களிலிருந்து எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்கு மைக்கைத் திருப்பித் தருவதாக மைதானத்துக்காரர்களும் சொல்லியிருந்தார்கள். இனி என்ன?

இதில் ராக்கெட்டுக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. ரகசியம் என்றால், வாடிக்கையாளர் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அவன் துணி துவைக்கும் இயந்திரம் பழுது பார்ப்பவன். இளமையில் ஒரு மாத இதழில் நாற்பத்தொரு விஞ்ஞானக் கதைகள் எழுதினான், அதனால்தான் இந்தப் பட்டப்பெயர். அவற்றை முழுதாகப் படித்தவர்கள் இருவர்: பிழை திருத்துபவரும் தங்கையும். முன்னவருக்குச் சம்பளம் உண்டு. குரல் இழந்த ஒரு தளபதிக்குத் தொண்டைப் பட்டை பூட்டிய கதையைத் தங்கை பன்னிரண்டு வயதில் படித்தாள். வளர்ந்தாள், அந்தப் பட்டையைச் செய்ய உட்கார்ந்தாள். யார் வீட்டு இயந்திரத்துக்குள் தலையை விட்டாலும் ராக்கெட் அங்கிருந்தபடியே இதைச் சொல்லிவிடுவான்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனான்.

"ஏம்மா, அவர் முழுசா சொல்லி முடிக்கற வரைக்கும் அது ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குது?"

"நீதானே சொன்னே?"

"நானா?"

தங்கை மேசை இழுப்பறையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் பழைய இதழின் நான்கு பக்கங்கள். ஒரு வரிக்குக் கீழே பள்ளிக்கூடப் பென்சில் கோடு. தளபதி, 'தாக்குங்கள் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன்' என்கிறார். இயந்திரம் முதல் வார்த்தையை மட்டும் முந்திக்கொண்டு பேசுகிறது. யுத்தம் மூள்கிறது. அன்றுமுதல் அந்தக் கிரகத்தில் சட்டம்: வாக்கியம் முடியாமல் இயந்திரம் பேசக் கூடாது.

"இதுல விஞ்ஞானமும் இருக்குண்ணா. பின்னாடி வர்ற வார்த்தை தெரிஞ்சாத்தான் முன்னாடி வந்தத கருவி சரியா கண்டுபிடிக்கும். வந்தத வந்தபடி பேச விட்டா அஞ்சுக்கு ஒண்ணு தப்பாயிடும். நீ அப்பவே யோசிச்சிருக்கே பாரு!"

இத்தனை வருடமாகக் கட்டிக் காத்த பெருமையை ராக்கெட் அங்கேயே இறக்கி வைத்தான்.

"நான் ஒண்ணும் யோசிக்கலம்மா. எனக்கு ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசற மாதிரி எழுத வராது. ஒருத்தன் முடிக்கணும், அடுத்தவன் ஆரம்பிக்கணும். அத மறைக்கத்தான் அந்தக் கிரகத்துக்கே ஒரு சட்டத்தப் போட்டேன்."

தங்கை உறையை மேசைமேல் போட்டாள்.

"பதினோரு வருஷமா அத வேதவாக்கா வெச்சு வேலை செய்யறேன்டா, பாவி."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உன் கதையப் படிச்சதே பெரிசு. சந்தேகம் வேற கேப்பாங்களா?"

"சரி, நம்ம வீட்ல யாராவது ஒரு வாக்கியத்த முடிச்சு நீ பார்த்திருக்கியா?"

"ஏன், போன வாரம்கூட..."

"பார்த்தியா, உன்னையும் முடிக்க விடல. மாப்ள மைக்குல எத்தன தடவ தப்பாக் கத்தியிருக்காரு! கோலுன்னு ஆரம்பிச்சு, ஐயையோ இல்லன்னு முடிப்பாரு. ஜனங்க அதுக்குத்தானே வந்தாங்க? தப்பு பண்ணட்டும்மா. பண்ணிட்டுத் திருத்திக்கட்டும். நாமளும் அப்படித்தானே பேசறோம்?"

தங்கை உறையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த சக பொறியாளர்களைக் கூப்பிட்டாள்.

ஐந்து நாள் அந்த அறையில் விளக்கு, மின்விசிறி, தேநீர், வாய்ச்சண்டை எதற்கும் ஓய்வில்லை. முழு வாக்கியத்துக்குக் காத்திருந்த கருவியைக் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு துண்டாகப் பேசவும், தப்பென்று தெரிந்ததும் தானே தன்னை வெட்டித் திருத்தவும் பழக்கினார்கள். மாப்பிள்ளை எங்கெங்கே உளறி எப்படியெல்லாம் சமாளித்தார் என்று முப்பத்தொரு நாடாக்களைக் கேட்டுக் குறித்துக் கொடுத்தது ராக்கெட். விஞ்ஞானத்துக்கு அவன் நேரடியாகச் செய்த ஒரே தொண்டு அதுதான். அந்த வாரம் மூன்று வீடுகளில் துணி துவைக்கப்படவில்லை.

சனிக்கிழமை காலை, வேண்டா வெறுப்பாகப் பட்டையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தார். முறைத்தார், வாயசைக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ராக்கெட் தன் புதுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

"அந்தக் கிரகத்துல மூணு சூரியன். மூணுக்கும் நடுவுல ஒரு..."

"போ... போதும் மச்சான், இட்... இல்ல, இங்க ஒரு சூரியனையே தாங்க முடியல!"

கூடம் சிரிப்பில் வெடித்தது. மாப்பிள்ளை தன் மார்பைத் தானே குனிந்து பார்த்தார். தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கதையை நடுவில் நிறுத்தியவர்கள் ராக்கெட்டின் வாழ்க்கையில் எத்தனையோ பேர். அப்படி நிறுத்திய ஒருவருக்காக அவன் கண் கலங்கியது இதுதான் முதல் தடவை.

"மேல சொல்லட்டுமா மாப்ளே?"

"வே... வேண்டவே வேண்டாம்!"

ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் உட்கார இடமில்லை. மார்புக் கருவிக்கு எதிரே மைக்கை வைத்துவிட்டு, தங்கை மரப்படியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். முதல் பாதியில் மாப்பிள்ளை ஒரு வீரனை நடுவராக்கினார், அடுத்த மூச்சிலேயே மன்னிப்புக் கேட்டார். ஜனங்கள் விசிலடித்தார்கள். "பழைய ஆளேதான்யா!" என்று எவரோ கத்தினார்.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. வலது ஓரத்திலிருந்து பந்து கிளம்பியது.

"அடிச்சான், கோ... இல்ல, இல்ல, கம்பம்! கம்பத்துல பட்டுத் திரும்புது, யாருமே இல்ல, ஐயோ இருக்கான்! பின்னாடி ஒரு பொடியன் இருக்கான், கால வெக்கிறான், கோ..."

அந்த ஒற்றை எழுத்தை மைதானம் முழுக்க வாயில் வாங்கி நீட்டியது. தங்கை எழுந்து நின்றுவிட்டாள். ராக்கெட்டும் எழுந்து, என்ன கத்துகிறோம் என்று தெரியாமலே கத்தினான்.

பந்து இன்னும் காற்றில்தான் இருந்தது.