முப்பத்தெட்டு செகண்ட்

தச்சர் ஆறு வருஷமாகத் தன் பட்டறையில் ஒற்றை இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். முடித்ததும் மனைவி ஒரே நிபந்தனை போட்டாள்: தன் தம்பி பார்த்துச் சரியென்றால்தான் அது தரையை விட்டுக் கிளம்பலாம். தம்பி தீயணைப்பு வீரன். அவனைக் கண்டாலே தச்சருக்கு எட்டிக்காயாகக் கசக்கும்.

வந்தவன் விமானத்தைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. அத்தானை உள்ளே உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டச் சொல்லி, கண்ணில் துண்டைக் கட்டினான்.

"உள்ள பூரா புகை. வெளிய வாங்க."

பெல்ட் கழன்றது. தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியின் கொக்கிதான் லேசில் அகப்படவில்லை. ஒருவழியாக அவர் வெளியே வந்ததும் மச்சினன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"முப்பத்தெட்டு செகண்ட். அக்காகிட்ட சாம்பலத்தான் குடுக்கணும்."

"எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியா?"

"நீங்க செத்தா நான்தான் வந்து அள்ளணும். அந்த வேலை எனக்கு வேண்டாம்."

தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சொன்னதையெல்லாம் செய்தார். பெட்ரோல் வால்வைக் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றினார். மூடி திறக்காவிட்டால் உடைக்க, தொடையருகே ஒரு சுத்தியலை மாட்டினார். கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நாள் ஏறி இறங்கினார். எல்லாம் அவன் வாயை அடைக்கத்தான். பதினோராம் நாள் அவன் சரியென்றான்.

முதல் தடவை பறந்தபோது, மரங்களைத் தாண்டியதுமே எஞ்சின் இருமி நின்றது. ஓடுபாதை முதுகுக்குப் பின்னால் இருந்தது. இவ்வளவு குறைந்த உயரத்தில் திரும்பினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கை திரும்பத்தான் துடித்தது. கீழே மச்சினன் நிற்கிறான். அவன் கண்ணெதிரே வயலில் போய் விழுவதா? மானக்கேட்டை விழுங்கிக்கொண்டு, மூக்கைத் தாழ்த்தி நேரே விட்டார். வால்வை மூடினார். சுவிட்சை அணைத்தார்.

உழுத மண்ணில் சக்கரம் புதைந்து விமானம் குட்டிக்கரணம் அடித்தது. தலைகீழாகத் தொங்கியவர் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினார். மூடி மண்ணில் சிக்கியிருந்தது. சுத்தியலால் பக்கக் கண்ணாடியை உடைத்துத் தவழ்ந்து வெளியே வந்தார்.

மச்சினன் தீயணைப்புக் கருவியோடு மூச்சிரைக்க ஓடிவந்து, முதலில் ஒழுகிய பெட்ரோல்மேல் நுரையை அடித்தான். பிறகுதான் அவரைப் பார்த்தான்.

"எலும்பு ஏதாவது?"

"இல்ல."

தச்சர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நன்றி கின்றின்னு ஆரம்பிக்காதீங்க."

"உனக்கா? நெனப்புதான்."

இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மனைவி வயலின் குறுக்கே வந்துகொண்டிருந்தாள். வழியில் குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தாள். யாரை அடிக்க என்று இருவருக்கும் தெரியவில்லை.