கமாச்சோவின் முழங்கை

கிருபாராணிக்கு பேஸ்பால் என்றாலே வேப்பங்காய். மூன்று மணி நேரம் நின்ற இடத்தில் நின்று எச்சில் துப்புகிற ஆட்டத்தை எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்பாள். ஆனால் அவள் வீட்டு அடுப்பு எரிவதில் அந்த ஆட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அவள் கணவர் தாமஸ் எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து எலும்பிலும் தசைநாரிலும் என்ன கோளாறு என்று சொல்கிற டாக்டர். ஒரு பெரிய பேஸ்பால் கிளப், பெயர் எதற்கு, வம்பு, தான் எடுக்கப்போகிற ஆட்டக்காரர்களின் படங்களை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும்.

இந்த ஆட்டத்தில் ஒரு நடைமுறை. புதிதாக வருகிறவன் ஆறு சீசன் ஒரே கிளப்புக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். அது முடிந்தால்தான் அவன் ஃப்ரீ ஏஜென்ட். யார் கூடக் கொடுக்கிறார்களோ அவர்களிடம் போகலாம். டெல்வின் கமாச்சோ என்கிற பிட்சருக்கு, அதாவது பந்து வீசுகிறவனுக்கு, அந்தக் குளிர்காலத்தில்தான் விடிந்தது. ஏழு வருடம், நூற்று எண்பது மில்லியன் டாலர் என்று பேசி முடித்து, டிவியிலும் சொல்லியாயிற்று. மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. அது தேறாமல் கையெழுத்து கிடையாது. அவனுடைய முழங்கைப் படம் டெக்சாஸில் பேர்லேண்ட் என்கிற ஊரில் இருக்கும் தாமஸின் ஸ்கிரீனுக்கு வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலம் தாமஸ் தட்டில் போட்டதைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு முழங்கை. நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும். ஒரு ஆளோட லைஃபே அதுல இருக்கு."

"பேஸ்பால்காரனா?"

"ராணி, கேக்காத."

கேட்காதே என்றால் ஆமாம் என்றுதானே அர்த்தம். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது கூடவா தெரியாது? ராத்திரி அவர் புரண்டு புரண்டு படுத்ததையும் கவனித்தாள். மனுஷன் பாவம் என்று இருந்தது.

மறுநாள் காலை ஜெப லைன். அது ஒரு போன் நம்பர். ஊர் ஊராக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவர்கள் தினமும் அதில் சேர்ந்து ஜெபிப்பார்கள். நியூ ஜெர்சிக்காரர்கள் ரயிலைப் பிடிக்க நடந்தபடியே, டெக்சாஸ்காரர்கள் ஃப்ரீவேயில் போய்க்கொண்டே, மேற்குக் கரை பே ஏரியாக்காரர்கள் விடியாத இருட்டில் போர்வைக்குள் இருந்தபடியே. நடத்துகிறவர் நியூ ஜெர்சியில் எடிசன் என்கிற ஊரில் இருக்கும் அபிகாயில் அக்கா. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்பார். மொட்டையாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"தாமஸுக்கு வேலையில ஒரு காரியம்க்கா. ஞானம் வேணும்," என்றாள் கிருபாராணி.

"காரியம்னா என்ன கிருபா? பாரத்தத் தெளிவா சொன்னாத்தானே நாங்களும் பாரத்தோட ஜெபிக்க முடியும்?"

"பேஸ்பால்ல பந்து வீசுற ஒரு தம்பிக்கா. முழங்கையில லிகமென்ட் கிழிஞ்சிருக்கு போல. அவனோட கான்ட்ராக்டே தாமஸ் குடுக்கிற ரிப்போர்ட்லதான் இருக்கு. பேரு மட்டும் சொல்லக் கூடாது."

பேரைச் சொல்லவில்லையாம், பெரிய ரகசியம் காத்துவிட்டாள்! லிகமென்ட் கிழிந்திருக்கிறது என்று தாமஸ் எப்போது சொன்னார்? அவர் சாப்பிடாததையும் தூங்காததையும் வைத்து அவளாகச் சேர்த்துக்கொண்டது அது. கனமாகச் சொன்னால்தான் கனமாக ஜெபிப்பார்கள் என்று அந்த நேரம் தோன்றிவிட்டது. லைனில் இருந்த அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள்.

அதில் மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரிலிருந்து பேசுகிற ஜெர்ரியும் ஒருவன். ஐடி வேலை, பேஸ்பால் பைத்தியம். அந்த வாரம் மெடிக்கலுக்குக் காத்திருந்த பெரிய பிட்சர் ஒருத்தன்தான் என்று அவனுக்குத் தெரியும். இன்டர்நெட்டில் ரசிகர்கள் பக்கம் ஒன்றில் எழுதிவிட்டான்: "டாக்டர் பக்கத்திலிருந்து வந்த நிச்சயமான தகவல். கமாச்சோவின் முழங்கை போய்விட்டது. அவனுக்காக ஜெபியுங்கள்." கூடவே கை கூப்புகிற படம் ஒன்று. கெட்ட எண்ணமே இல்லை, அதுதான் கொடுமை. மத்தியானத்துக்குள் டிவி வரை போய்விட்டது.

தாமஸ் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ராணி, இந்த முழங்கை விஷயத்த யார்கிட்டயாவது சொன்னியா?"

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கை நல்லா இருக்கு ராணி. ஒரு சின்ன நிழல் தெரிஞ்சுது, பழைய தழும்பு. அது ஒண்ணுமில்லன்னு உறுதி பண்ணத்தான் ஒரு நாள் எடுத்துக்கிட்டேன். கவலைப்பட ஒண்ணுமில்லன்னு காலையிலயே ரிப்போர்ட் குடுத்தாச்சு."

கிழியாத கையை அல்லவா ஊரறியக் கிழித்து வைத்திருக்கிறாள்.

"இப்ப என்னங்க பண்றது?"

"நான் வாயத் திறக்கலன்னா எவனோ கட்டின கதைன்னு எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கிளப்புல அந்தக் கைய நம்ப மாட்டாங்க. டாக்டர் எழுதினது ஒண்ணு, வெளிய சொன்னது ஒண்ணுன்னு நினைப்பாங்க. உண்மையச் சொன்னா அவன் தப்பிக்கலாம். நான் தப்பிக்க மாட்டேன்."

"போனப் போடுங்க. நானே பேசுறேன்."

அவர் நம்பரைப் போட்டுப் போனை அவளிடம் கொடுத்தார். கிளப்பின் தலைமை டாக்டர் ஒரு பெண்மணி. கிருபாராணி தன் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னாள்.

கிழிந்திருக்கிறது என்று உங்கள் கணவர் சொன்னாரா என்று அந்த அம்மாள் கேட்டார். இல்லை, அவர் சாப்பிடவில்லை, மற்றதை நான் சேர்த்தேன் என்றாள். எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? ஜெபத்தில்தான் சொன்னேன் என்றாள். நான் கேட்டது எத்தனை பேர் என்று, என்றார் அந்த அம்மாள். லைனில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கிருபாராணி ஒருநாளும் எண்ணியதில்லை.

இனிமேல் தாமஸுக்குப் படங்கள் வராது என்று மறுநாளே கிளப்பிலிருந்து மெயில் வந்தது. மருத்துவமனையிலும் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஜெர்ரி எழுதியதை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். அதைப் பார்த்தவர்கள், அழிக்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றார்கள். கிளப்புக்கு உண்மை தெரியும். தெரிந்தும், ஊரே சந்தேகப்படுகிறதே என்று சாக்குச் சொல்லி ஏழு வருடத்தை மூன்றாகக் குறைத்துக் கேட்டது. சந்தர்ப்பம் கிடைத்தால் எவன் விடுவான்? கமாச்சோ ரோஷக்காரன், எழுந்து வந்துவிட்டான். மற்ற கிளப்புகளும் தயங்கின. கடைசியில் பிப்ரவரியில் பே ஏரியா பக்கம் ஒரு கிளப்பில் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

அதை டிவியில் காட்டினார்கள். கிருபாராணி அவன் முகத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தாள். பக்கத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்கை எப்படி என்று கேட்டார்கள். எப்போதும் நன்றாகத்தான் இருந்தது, யார் அப்படிச் சொன்னார்களோ தெரியாது என்றான். பிறகு ஸ்பானிஷில் ஏதோ சொன்னான். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். இந்தக் கஷ்ட காலத்தில் எனக்காக ஜெபம் செய்த எல்லாருக்கும் நன்றி.

"நல்ல பையன்," என்றார் தாமஸ், அவள் பக்கம் திரும்பாமலே.

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கிருபாராணி தாங்கியிருப்பாள்.