வத்தேகம பஸ்ஸில் அரைப் போத்தல் வெள்ளி

வெள்ளி நைத்திரேற்று என்ன விலை விற்கிறது என்று துஷ்யந்திக்குத் தெரியும். வத்தேகமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர் அவள். வியாழக்கிழமை மாணவர்கள் அதோடு அமோனியாவைச் சேர்த்து, பிறகு குளுக்கோசு விட்டுச் சூடாக்கி, சோதனைக் குழாய்க்குள் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி வெள்ளியைப் படிய வைத்தார்கள். வெள்ளி கலந்த அந்த அமோனியாக் கரைசல் அரைப் போத்தல் மிஞ்சியது. அன்றைக்கே அழித்துவிடச் சொல்லிவிட்டுப் போனார் இரசாயனம் படிப்பிக்கும் ஸ்ரீதரன் சேர். சொல்வது அவருக்கு லேசு. மனசு கேட்காமல் மூடி வைத்தாள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை கழிந்ததும், கண்டியில் வேறொரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் தோழி அனுஷியாவுக்குக் கொடுக்கலாம் என்று போத்தலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் எள் விழ இடமில்லை. நின்றுகொண்டிருந்த தாயொருத்தி, ஒரு வார்த்தை கேட்காமல், குழந்தையை அவள் மடியில் இறக்கினாள். உட்கார்ந்திருப்பவர் மடி ஊருக்கே சொந்தம்தானே! மடியிலிருந்த பையின் மேல் குழந்தை குந்திக்கொண்டு காலை உதைத்தது. அப்போதுதான் சேரின் போன் வந்தது.

“துஷ்யந்தி, மிஞ்சின கரைசல அழிச்சிட்டீங்கதானே?”

“இல்ல சேர், என்கிட்டதான் இருக்கு. பஸ்ல போறேன்.”

“அடியில கறுப்பா ஏதும் படிஞ்சிருக்கா?” என்று கேட்டார்.

குழந்தையைச் சற்று நகர்த்திப் பைக்குள் எட்டிப் பார்த்தாள். கரித்தூள் மாதிரி படிந்திருந்தது.

“ஆட்டாதீங்க! அது லேசா இடிச்சாலே வெடிக்கும், சில நேரம் தானாவும் வெடிக்கும். எறங்கி, ஆளில்லாத எடத்துல வச்சிட்டுத் தூரமா போயிருங்க.”

வெடிக்கும்! இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பெண் பஸ்ஸுக்குள் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்லா அது? சொன்னால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். போத்தலும் இடிபடும்.

குழந்தையை மெல்லத் தூக்கித் தாயிடம் கொடுத்தாள். “வாந்தி வருது, எறங்கணும்!” என்று சிங்களத்தில் கத்தினாள். கூட்டம் தானாக விலகியது. கொண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே மணியடித்தார்.

தெருவோரத்து வெறுங்காணியில் பையை வைத்துவிட்டு நடந்தாள். இருபதடி போயிருப்பாள். படாரென்றது.

திரும்பிப் பார்த்தாள். பையின் மேல்பக்கம் பிய்ந்து கிடந்தது. துணியெல்லாம் கண்ணாடிச் சில்லு. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“துஷ்யந்தி! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” இன்னும் வெட்டாத போனில் சேர் கத்திக்கொண்டிருந்தார்.

“சேர்...” என்றாள். “அதுக்கு மேல ஒரு புள்ள உக்காந்திருந்துச்சு சேர்.”