வெயில் பங்கு

ஏப்ரல் முதல் தேதி காலை எட்டு மணிக்கு, தங்கையின் காரிலிருந்து ரமோனா இறங்கியபோது அவளுடைய முன்னாள் கணவன் வெர்னன் முன்பே வந்து காத்திருந்தான். ஓர் அங்காடியின் கார் நிறுத்தத்தில், நிழல் பார்த்துக் காரை ஓரமாக நிறுத்தியிருந்தான். கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, கழற்றி வைக்கிற துணிக்கூரை. அறுபத்தேழாம் வருடம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த கார். இரண்டு பேர் வீட்டுக்கும் சரிபாதி தூரத்தில் இருக்கிற இந்த இடத்தில்தான் வருடத்துக்கு இருமுறை சாவி கைமாறும். வெர்னன் சாவியைக் கொடுத்துவிட்டு, தன் பொருளை வாடகைக்கு விடுகிறவனைப் போல முன்சக்கரத்தை ஒருமுறை பார்த்தான்.

"பின்னாடி நாலு கேன் தண்ணி வச்சிருக்கேன். சிக்னல்ல ரொம்ப நேரம் நிக்காதே."

"சிக்னல்கிட்ட சொல்லிப் பாக்கறேன்," என்றாள் ரமோனா.

பிரிந்தபோது வீட்டை விற்றார்கள், மேசை நாற்காலிகளைப் பங்கு போட்டார்கள், நாய் தானாகவே ரமோனாவோடு வந்து வண்டியில் ஏறிக்கொண்டது. காரை மட்டும் விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. வக்கீல் சலித்துப்போய், ஆளுக்கு ஆறு மாதம் என்று சொல்லி நாணயத்தைச் சுண்டினார். ஜெயித்த வெர்னன் ஒரு நொடிகூட யோசிக்காமல் குளிர்காலத்தை எடுத்துக்கொண்டான். பாலைவன ஊரான டூசானில் இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ரமோனாவின் பங்கு. அந்த ஆறு மாதத்தில் வெயில் சர்வசாதாரணமாக நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். மூன்று சிக்னல் தாண்டுவதற்குள் வெப்பமானியின் ஊசி சிவப்பைத் தொட்டுவிடும். அன்றைக்கு ரோஷத்தில் "சரி" என்று கையெழுத்துப் போட்டவள், நான்கு கோடையாகக் காரைக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தன் வேலை வேனிலேயே போய் வந்துகொண்டிருந்தாள்.

மே மாதம் ஒரு நாள் பிடிவாதமாக வெளியே எடுத்தாள். நாலாவது சிக்னலில் ஊசி ஏறியது. என்ஜினின் சூட்டைக் கொஞ்சமாவது இழுத்துக்கொள்ளட்டும் என்று ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டாள். வெளியே நூற்றுமூன்று டிகிரி; காலடியில் அடுப்பு. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் இருந்த அத்தனை முகமும் அவளையே பார்த்தன. பானட்டின் விளிம்பிலிருந்து ஆவி சீறியது. இறங்கி, கதவைப் பிடித்தபடி தனியாகவே தள்ளிக்கொண்டு போய் ஒரு கருவேல மரத்தடியில் விட்டாள். ரமோனாவின் தொழிலே வீட்டுக் கூரைமேல் இருக்கும் ஏசிகளைப் பழுது பார்ப்பது. இருபத்தாறு வருடமாகக் கூரை கூரையாக ஏறுகிறாள். ஊரையெல்லாம் குளிர வைக்கிறவள் தன் காருக்குள் வெந்துகொண்டு நிற்கிறோமே என்று தோன்றியதும் அவளுக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. அந்த மரத்தடியிலேயே வெர்னனுக்குப் போன் போட்டாள்.

"ரேடியேட்டரை மாத்தப் போறேன். அலுமினியம். என்ஜின் பெல்ட்ல சுத்தற அந்த விசிறியைக் கழட்டிட்டு ரெண்டு கரண்டு விசிறி போடப் போறேன்."

"முடியாது. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு? ஒருத்தர் சம்மதம் இல்லாம இன்னொருத்தர் ஒரு திருகாணியைக்கூட மாத்தக் கூடாது."

"அப்ப சம்மதம் குடு."

"அந்த ரேடியேட்டரோடதான் அது கப்பல்ல வந்துச்சு, மோனா. பழைய கார் கண்காட்சியில நடுவருங்க மொதல்ல பானட்டைத்தான் தூக்குவாங்க. தொழிற்சாலையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கிற கார் இந்த ஊர்ல மொத்தம் ரெண்டுதான்."

"அது வந்தது வருஷம் பூரா மழை பெய்யற ஊர்லேருந்து. சரி, விடு. குளிர்காலத்தை எனக்குக் குடுத்துட்டுக் கோடையை நீ எடுத்துக்கோ. அப்புறம் ஒரு திருகாணியையும் தொட மாட்டேன்."

கேனில் தண்ணீர் மிச்சமிருக்கிறதா என்று அவன் கேட்டான். அவன் இப்படிப் பேச்சை மாற்றுவது அவளுக்கு இருபது வருடமாகப் பழக்கம்.

அவன் சம்மதிக்காவிட்டாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்தாள். இரண்டு மின்விசிறிக்கும் நிறைய மின்சாரம் வேண்டும். அந்தக் காலத்து டைனமோ அவ்வளவு தாங்காது. அதுவும் வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போது அது ஏறக்குறைய ஒன்றுமே தராது. எவ்வளவுதான் தருகிறது பார்ப்போம் என்று என்ஜினை ஓடவிட்டு மீட்டரை பேட்டரியில் வைத்தாள். பன்னிரண்டைத் தாண்டாது என்று அவள் நினைத்த முள் நேராகப் பதினாலு வோல்ட்டில் போய் நின்றது. மீட்டரை ஒரு தட்டுத் தட்டி மறுபடி வைத்தாள். பதினாலுதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தாள். வெளிக்கூடு அதே பழைய கூடு, அதே கறுப்பு, அதே இரும்புத் தகடு. ஆனால் பின்பக்கத்து ஓட்டை வழியாகப் பார்த்தபோது, உள்ளே புத்தம்புதுச் செம்பு பளபளத்தது. ரமோனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாய் வந்து அவள் முகத்தை முகர்ந்தது.

"வெர்னன்," என்றாள் போனில், மிகவும் மெதுவாக. "டைனமோவுக்குள்ள யாரு குடியிருக்கா?"

"பாத்துட்டியா."

"டைனமோ வேஷம் போட்ட இந்தக் காலத்து ஆல்டர்னேட்டர். எப்பலேருந்து?"

"போன வருஷக் குளிர்லதான். ராத்திரி ஹெட்லைட் மங்கலா எரிஞ்சுச்சு, மோனா. பயமா இருந்துச்சு."

"ஒரு திருகாணியைக்கூடன்னு சொன்னே."

"வெளியில பாத்தா தெரியாதே."

"எனக்குத் தெரிஞ்சுச்சே. சனிக்கிழமை வர்றே. பழைய ரேடியேட்டரைச் சுத்தறதுக்கு ஒரு கம்பளி கொண்டு வா. ஒரு கீறல் விழாம உன்கிட்டயே குடுத்துடறேன். உனக்கு எப்ப வேணுமோ அப்பத் திருப்பி மாட்டிக்கோ."

சனிக்கிழமை அவன் இரண்டு கம்பளியோடும் சோள மாவில் செய்த தமாலேப் பலகாரம் ஒரு பெட்டியோடும் வந்தான். முதல் ஒரு மணி நேரம் காரைத் தொடாமல் பக்கத்தில் நின்று, அவள் கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் வாங்கிச் சின்னச் சின்ன உறையில் போட்டுப் பெயர் எழுதினான். பச்சைத் திரவம் தட்டில் வடிந்தது. அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துப் போகும் என்று ரமோனா நாயை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். ரேடியேட்டரைத் தூக்கி வெளியே எடுத்ததும் குழாயை அதன் மேல்வாயில் வைத்துத் திறந்தாள். கீழே குடம் குடமாகக் கொட்ட வேண்டிய தண்ணீர், மூக்குச்சளி போல ஒழுகியது.

"உள்ளே இருக்கிற சின்னக் குழாய்ங்கள்ல பாதிக்கு மேல அடைச்சுக் கிடக்கு," என்றாள். "மீதிப் பாதியிலதான் நாம இத்தனை வருஷம் ஓட்டியிருக்கோம்."

வெர்னன் குனிந்து பார்த்தான். நடுவர்களுக்காக மாதம் ஒருமுறை பஞ்சு வைத்து அவன் துடைத்த பித்தளை அது. வெளியே கண்ணாடி போல மின்னியது. கம்பளியை விரித்து அதைச் சுற்றினான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "வயரிங் நான் பாக்கறேன்," என்றான். "நீ பிளாஸ்டிக் டேப்பைச் சுத்திடுவே. அந்த வருஷத்துல துணி டேப்தான்."

புது ரேடியேட்டர் ஒரு விரல்கடை அகலம் கூடுதலாக இருந்தது. தாங்கியின் துளையை அரத்தால் ராவி, அவள் அதை உட்கார வைத்தாள். இரட்டை விசிறியைத் தகரக் கூண்டோடு பின்னால் பொருத்தினாள். சுற்றிலும் இருந்த சந்துகளைக் கறுப்பு நுரைப்பட்டை வைத்து ஒவ்வொன்றாக அடைத்தாள். "காத்து சோம்பேறி. சந்து இருந்தா அது வழியாத்தான் ஓடும். வேலை இருக்கிற பக்கம் போகாது," என்றாள். கூரைகளின் மேல் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற வாக்கியம் அது. இத்தனை வருடத்தில் அவனிடம் சொன்னதே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரவத்தை ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து, உள்ளே தங்கிய காற்று வெளியேறுவதற்காக இருவரும் காத்திருந்தார்கள். எப்போதாவது ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"அன்னிக்கு மலையில இது இருந்திருந்தா," என்றான் வெர்னன், "இன்னிக்கு நாம இப்படி ஆளுக்கொரு வீட்ல இருந்திருக்க மாட்டோம்."

லெம்மன் மலைப் பாதை, ஐந்து வருடத்துக்கு முந்தைய திருமண நாள். கார் பாதி வழியில் கொதித்து நின்று, சாலையோரப் பாறை நிழலில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, பேசக் கூடாததை எல்லாம் பேசித் தீர்த்த நாள்.

"கார் கொதிச்சதுக்காகவா நான் போனேன்னு நெனச்சுக்கிட்டிருக்கே?"

"வேற எதுக்கு?"

ரமோனா குமிழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கொதிக்கிறதுக்கு முன்னாடி, ஏறும்போதே, ஒண்ணு சொன்னேன். மார்ல ஒரு கட்டி இருக்குன்னு டாக்டர் சொன்னாரு, செவ்வாய்க்கிழமை ஊசி போட்டு எடுத்துப் பாக்கப் போறாங்கன்னு. அதைச் சொல்றதுக்காகத்தான் மலைக்கே வந்தேன். நீ முள்ளையே பாத்துக்கிட்டு, 'ஒரு நிமிஷம் இரு, சூடு ஏறுது'ன்னே. அந்த ஒரு நிமிஷம் முடியவே இல்ல. செவ்வாய்க்கிழமை தங்கச்சியைக் கூட்டிட்டுப் போனேன்."

வெர்னன் கையிலிருந்த துணி டேப்பின் நுனியைத் தேடினான். கிடைக்கவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. ஏதாவது சாக்குச் சொன்னால் எழுந்து போய்விடலாம் என்று ரமோனா காத்திருந்தாள். அவன் சாக்கு எதுவும் சொல்லவில்லை.

"காதுல விழவே இல்ல," என்றான் கடைசியில். "விழுந்திருக்கணும்."

இன்னொரு குமிழி வந்தது. அவள் மூடியைத் திருகினாள்.

என்ஜின் சூடேறியதும் விசிறிகள் தாமாகவே சுழலத் தொடங்கின. ரமோனா செய்தித்தாளின் ஒரு தாளைக் கிழித்து முன்பக்கக் கம்பிவலையில் வைத்தாள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது படாரென்று பறந்து வந்து அவள் முகத்தில் அறைந்தது.

"வயரை மாத்திக் குடுத்திருக்கே, மகராசா. உள்ளே இழுக்கச் சொன்னா வெளியே தள்ளுது. தெருவுக்கே விசிறிக்கிட்டிருக்கே."

வெர்னன் விசிறியின் ரிலே சுவிட்சைப் பார்த்தான், வயரைப் பார்த்தான், அவள் மூக்கில் ஒட்டியிருந்த அச்சு மையைப் பார்த்தான். முதலில் சிரித்தது யார் என்று இருவருக்குமே தெரியவில்லை. அவன் இரண்டு வயரையும் இடம் மாற்றினான். இந்த முறை தாள் வலையில் போய்ப் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டு படபடத்தது.

மூன்று வாரம் அவள் தினமும் அதில்தான் வேலைக்குப் போனாள். ஊசி நடுவிலேயே நின்றது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கூப்பிடாமலே வெர்னன் வந்து கதவைத் தட்டினான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். "மலை ஏறுதான்னு பாக்கலாமா? நீதான் ஓட்டணும்."

துணிக்கூரையைக் கொட்டகையிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். சகுவாரோ கள்ளிகள் கீழே தங்கின. வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அந்தப் பாறை நிழல் வந்ததும் இருவரும் அதைப் பார்த்தார்கள். கார் இரண்டாவது கியரில் முனகாமல் அதைக் கடந்தது. பைன் வாசம் வரத் தொடங்கியதும் வெர்னன் கேட்டான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எப்போ?"

"அந்தச் செவ்வாய்க்கிழமை."

ரமோனா ஒரு வளைவை எடுத்து முடித்தாள். "ஒண்ணுமில்லன்னாரு. வெறும் கொழுப்புக் கட்டி."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"சோதனைக்கு இருபது நிமிஷம். முடிவு வர ஆறு நாள்."

"அந்த ஆறு நாளும்," என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு, "சொல்லு. முதல் நாள் என்ன பண்ணுனே?" என்றான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாள் யாரோ ஒருவரின் கூரையில் ஏறி அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது, இரண்டாம் நாள் தங்கை சூப் கொண்டு வந்தது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தான். மூன்றாம் நாளுக்கு வந்தபோது, மலைக்குப் பின்னாலிருந்து கறுத்துத் திரண்டு வந்த மேகம் அவர்கள் தலைக்கு மேல் நின்றது. ஒரு துளி கண்ணாடியில் விழுந்தது. அப்புறம் ஐந்தாறு. அப்புறம் மொத்தமாகக் கொட்டியது.

ஒதுங்க இடமில்லை. பள்ளத்தாக்கைப் பார்த்த வெட்டவெளியில் காரை ஓரங்கட்டினாள். என்ஜினை அணைக்கவில்லை. சூடான பானட்டில் மழை விழ விழ, அதன் முழு நீளத்திலிருந்தும் வெள்ளை ஆவி கிளம்பி இருவரையும் மூடியது. கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு லாரி வேகம் குறைத்து நின்றது. ஓட்டிவந்த பெண் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"ஐயோ பாவம், கொதிச்சிருச்சா? என்கிட்ட தண்ணி இருக்கு, வேணுமா?"

தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வெர்னன் மடியில் கிடந்த தொப்பியை எடுத்து, அதில் நிறைந்திருந்த மழையை மெதுவாகச் சாலையில் கவிழ்த்தான்.

"வேண்டாங்க," என்றான் ரமோனாவைக் காட்டி. "இவங்க பேசிக்கிட்டிருக்காங்க."