ஆறு மணியில் ஒருத்தர்

"நீங்க வாக்கியத்தை முடிக்கறதுக்குள்ள என் இறக்கை போயிடுச்சு மாப்பிள்ளை."

"ஸாரி மாமா. நான் சொல்லிட்டேதான் இருந்தேன்."

"சொல்லிட்டேதான் இருந்தீங்க. அதான் பிரச்சினையே. என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க பாப்போம்."

அவன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பையனின் குரலில் சொன்னான். "மாமா, ஒரு நிமிஷம், உங்களுக்கு ஆறு மணியில ஒருத்தர் வர்றார், முடிஞ்சா கொஞ்சம் இடது பக்கமா திரும்பிக்கறீங்களான்னு சொன்னேன்."

"என்னைச் சுட வர்றவன் ஒருத்தரா? அவர் வர்றாரா?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆறு மணிக்கு யாரு வர்றாங்க? முன்னாடியே சொல்லியிருந்தா பாலாவது வாங்கி வெச்சிருப்பேன்ல."

நான் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். சிரித்தால் இரண்டு பேருமே கோபித்துக்கொள்வார்கள் என்பதால் ஒரு துண்டை முகத்தருகே தூக்கிப் பிடித்து மடித்தேன்.

மாமா என் அப்பா. மாப்பிள்ளை என் கணவன். கட்டில் என்னுடையது, கல்யாணத்துக்கு முன்னால் அந்த அறையும் என்னுடையதாக இருந்தது. நான் போன கையோடு அப்பா என் படிப்பு மேசையில் ஒரு ஜாய்ஸ்டிக்கைத் திருகி மாட்டினார். மேசைக்கடியில், நான் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில், இரண்டு மிதிகட்டைகள் வந்தன. சுவரில் நான் ஒட்டிய நட்சத்திரங்களை மட்டும் அவர் எடுக்கவில்லை. இருட்டில் பறக்கும்போது பொருத்தமாக இருக்கிறதாம்.

போர் விமானம் ஓட்டும் விளையாட்டு அது. நேர் முன்னால் இருப்பது பன்னிரண்டு மணி, முதுகுக்குப் பின்னால் இருப்பது ஆறு மணி. பறக்கிறவனுக்குத் தெரியாத ஒரே இடம் அந்த ஆறு மணிதான். அதைக் கூடப் பறக்கிறவன் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்பா லிஃப்ட் பரிசோதகர். லிஃப்டில் ஏறியதும் எல்லாரும் கதவைப் பார்ப்பார்கள், அப்பா கூரையைப் பார்ப்பார். நம்புகிற மாதிரி இருப்பது அவருக்குப் போதாது, நிஜமாக இருக்க வேண்டும். அதனால் அந்த விளையாட்டில் எதையெல்லாம் நிஜமாக்க முடியுமோ அதையெல்லாம் நிஜமாக்கி வைத்திருந்தார். எதிரி யார் நம்மாள் யார் என்று வானத்தில் பெயர் எழுதிக் காட்டாது. வெளியிலிருந்து தன் விமானத்தைத் தானே பார்க்க முடியாது. மூக்கைச் சட்டென்று கீழே அமுக்கினால் எஞ்சின் விக்கல் எடுக்கும். தரையில் அதிக நேரம் நிறுத்தினால் சூடேறி நின்றுவிடும். அவர் எஞ்சினைக் கிளப்பி முடிப்பதற்குள் நான் தலைவாரிப் பின்னிக்கொண்டுவிடுவேன். எல்லாவற்றையும்விடப் பெரிய நிஜம், செத்தால் செத்ததுதான். அந்தப் பைலட்டின் பெயர் அழிந்து போகும், புது ஆளாக முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்றைக்குச் செத்தவன் மழைக்காலத்திலிருந்து உயிரோடு இருந்தவன். பெயர் சுண்டு. பெரியப்பா இருந்தவரைக்கும் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்.

அப்பா புதுப் பைலட்டுக்குப் பெயர் கொடுக்கும் கட்டத்தில் சற்று நேரம் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு மறுபடியும் சுண்டு என்றே தட்டினார்.

"மாமா, புது ஆளு எடுக்கறதுதான் எடுக்கறோம், வேகமா போற ஸ்பிட்ஃபயர் விமானம் எடுத்துக்கலாமா? ரெண்டு பேருமே?"

"நமக்குக் கொடுத்திருக்கறது ஹரிகேன்."

"லிஸ்ட்ல எல்லாமே இருக்கே மாமா."

"லிஸ்ட்ல இருக்கும். போருக்குப் போனவன்கிட்ட எவன் மெனு கார்டு நீட்டினான்? கொடுத்ததை ஓட்டினான்."

"ஆபீஸ்லதான் கொடுத்ததை ஓட்டறேன். இங்கயுமா மாமா?"

அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்பதை முதுகைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் கணவனுக்கென்று அப்பா போட்ட இன்னொரு மேசை எதிர்ச் சுவரில் இருந்ததால் அவர்கள் எப்போதும் முதுகோடு முதுகாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். நிஜத்தில் அந்த அறையில் ஒருவருக்கு ஆறு மணி இன்னொருவர்தான்.

அந்தத் தோள் குலுங்கலுக்காகத்தான் என் கணவன் வாராவாரம் வந்தான் என்பது எனக்குத் தெரியும். நாங்களாகப் பார்த்து முடிவு செய்த கல்யாணம். அப்பா மறுக்கவில்லை. மறுக்காமலே எட்டி நிற்க அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர்கள் பேசியதை ஒரு பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை. ஆச்சு மாமா. வேலையெல்லாம். போகுது மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கைகழுவப் போனவன் வழியில் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு நின்றான். "இதுல காத்து அடிச்சா கை அதிருமா மாமா?" என்று கேட்டான். அப்பா தன் நாற்காலியை அவன் பக்கம் முழுதாகத் திருப்பினார். அதற்கு முன்னால் அவர் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. அந்த அறையை எடுத்துவிட்டால் அவர்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள வேறு இடமில்லை.

அவனுக்கோ வாயைத் திறந்தால் மரியாதைதான் வரும். இணைய இணைப்புக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை திட்டு வாங்கிக்கொண்டு, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லிக்கொண்டிருப்பான். தூக்கத்தில்கூட ஒருமுறை யாரையோ லைனில் இருக்கச் சொன்னான். என்னை மட்டும்தான் வாடி போடி என்பான், நானும் அவனை வாடா போடா என்பேன். ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆனால் அப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எங்கள் பேச்சில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் அவன் பயிற்சி செய்துகொண்டே வந்தான்.

"மாமா, இடது பக்கம் திரும்புங்க. இது சரியா?"

"அந்த 'ங்க' வர்றதுக்குள்ள எங்கப்பா செத்துருவாருடா."

"வாயைக் கழுவு. வேற என்ன சொல்றது?"

"வெறும் 'இடது'ன்னு சொல்லு."

"வெறும் இடதுன்னா எப்படிடி. நாய்க்குச் சொல்ற மாதிரி இருக்கு."

சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இடது, மாமா" என்று என் கணவன் தலைக்கவசத்துக்குள்ளிருந்து பணிவாகச் சொன்னான். அவர் பயந்துபோய் இடது பக்கம் ஒதுங்கினார்.

புது சுண்டு மெல்ல மெல்லப் பிழைத்துக்கொண்டான். "இடது, மாமா" ஓரளவு வேலை செய்தது. துணி மடிக்க இல்லாத வாரங்களிலும் நான் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். எனக்குச் சண்டை புரியவில்லை, மேகங்கள் பிடித்திருந்தன. அந்த விளையாட்டை வரைந்த யாரோ ஒருவர் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வெயில் படும் பக்கத்தை மட்டும் மஞ்சளாக்கியிருந்தார். கீழே கடல் கசங்கிய துணி மாதிரிக் கிடந்தது. அதன் மேல் அப்பாவின் ஹரிகேன் எருமையைப் போல ஆடி அசைந்து போகும். பின்னால் என் கணவனின் எருமை.

அது நடந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அடிபட்டுப் புகைவிட்ட ஒரு குண்டுவீச்சு விமானத்தைத் துரத்திக்கொண்டிருந்தார். துரத்தும்போது அவர் வேறு எதையும் பார்ப்பதில்லை. என் கணவனின் திரையில் சூரியனுக்குள்ளிருந்து ஒரு புள்ளி வெளியே வந்தது. கண்ணாடியில் விழுந்த தூசி என்றுதான் நான் நினைத்தேன். அது நேராக அப்பாவின் முதுகை நோக்கி இறங்கியது.

"மா..." என்று தொடங்கினான். அந்த வார்த்தையை முடிக்க நேரமில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவனுக்குள்ளிருந்து வேறு எவனோ கத்தினான்.

"டேய், திரும்புடா இடது பக்கம்!"

அப்பாவின் கை யோசிக்கவில்லை. ஜாய்ஸ்டிக் ஓரத்துக்குப் போய் இடித்தது. திரையில் கடல் எழுந்து செங்குத்தாக நின்றது. குண்டுகள் வலது இறக்கைக்கு வெளியே ஒரு மஞ்சள் கோடாகப் போயின. சுண்டு பிழைத்துவிட்டான்.

ஹெட்போன்களிலிருந்து கசிந்த எஞ்சின் சத்தம் மட்டும், இரண்டு வண்டுகள் சுற்றுவதுபோலக் கேட்டது. அம்மா டீத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஒழுங்காக இறக்கினார். ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அதன் முறைப்படி அணைத்தார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னிக்குப் போதும்" என்று எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். டீயை அங்கேயே நின்று குடித்தார்.

வாசலில் என் கணவன் தன் செருப்புக்குப் பதில் அப்பாவின் செருப்பில் காலை விட்டு, சூடு பட்டவன் மாதிரி எடுத்தான். அம்மா கையை முந்தானையில் துடைத்தபடி வழியனுப்ப வந்தாள்.

"உங்க பெரியப்பா போனதுக்கப்புறம் இந்த வீட்ல அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்ல" என்றாள், பொதுவாக, தெருவைப் பார்த்து.

வழியில் அவன் இரண்டு திருப்பங்களைத் தவறவிட்டான்.

அந்த வாரம் அவன் மன்னிப்புக் கேட்டு அப்பாவுக்கு அனுப்ப ஒரு செய்தி எழுதி எழுதி அழித்தான். ஒன்றை என்னிடம் காட்டினான். தங்களுக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு வருந்துகிறேன், இனி இதுபோல் நிகழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தது.

"புகார் எண் போட மறந்துட்டியே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "உனக்கு வெளையாட்டா இருக்கு. மாமனாரை எவனாவது டேய்னு சொல்லுவானா? இப்பதான் மனுஷன் கொஞ்சம் சிரிக்க ஆரம்பிச்சார்."

"அவரைக் காப்பாத்தத்தானடா சொன்ன."

"கம்ப்யூட்டர்ல இருக்கற பொம்மையைக் காப்பாத்தினேன். நிஜத்துல இருக்கற ஆளை விட்டுட்டேன்."

ஞாயிறு வந்தது. பனியன் துவைக்க வேண்டும், ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வேண்டும் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தான். நானும் வற்புறுத்தவில்லை. மதியம் என் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?" அப்பா.

"வீட்லதான்பா. இன்னிக்கு அவருக்குக் கொஞ்சம்..."

"ரன்வேல நிக்கறேன். எஞ்சின் சூடாகுது. மாப்பிள்ளையை வரச் சொல்லு."

வைத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சினை அணைத்துவிட்டிருந்தார். அறை பெருக்கியிருந்தது. கட்டிலில் எனக்காக ஒரு தலையணை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அப்பா திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, போன வாரம் நான்..."

"உக்காருங்க மாப்பிள்ளை. உங்க விமானத்தைப் பாருங்க முதல்ல."

என் கணவன் உட்கார்ந்தான். அவன் திரையில், ரன்வேயில், மூக்கு நீண்டு மெலிந்த ஒன்று நின்றது. இறக்கைகள் நுனியில் இலை மாதிரிக் குவிந்திருந்தன.

"ஸ்பிட்ஃபயர்" என்றான், நம்பாமல்.

"ஆமா. நீங்க வேகமா வந்தாத்தானே என் பின்னாடி யாரு வர்றான்னு பாக்க முடியும்."

"கொடுத்ததைத்தான் ஓட்டணும்னு சொன்னீங்களே மாமா."

"நான்தானே கொடுக்கறேன்."

"உங்களுக்கு?"

"எனக்கு என் எருமை போதும். ஹெட்போனைப் போடுங்க."

இரண்டு முதுகுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தன. அப்பா எஞ்சினைக் கிளப்ப ஆரம்பித்தார், ஒவ்வொரு குமிழாக, லிஃப்டின் மேல் நின்று கம்பியைத் தொட்டுப் பார்க்கிற அதே கையோடு. நான் என் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன். இரண்டு விமானங்களின் மூக்கு விசிறிகளும் சுழன்று கண்ணுக்குத் தெரியாமல் போயின. புல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சக்கரத்தின் தடையை எடுக்காமல் அப்பா அப்படியே நிறுத்திவைத்திருந்தார். வெப்பம் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் இருப்பது அதுவே முதல் தடவை.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"இதுல இருக்கற நிஜம் எல்லாத்தையும் போட்டாச்சு. எஞ்சின், காத்து, சாவு, எல்லாம். ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு."

"என்ன மாமா?"

"சண்டையில எவனும் எவனையும் வாங்க போங்கன்னு சொல்ல மாட்டான்."

என் கணவனின் முதுகு விறைத்தது. அம்மா வாசலில் வந்து நின்றாள். இந்த முறை கையில் தட்டு இல்லை. அப்பாவின் காதுகள் ஹெட்போனுக்கு வெளியே தெரிந்த அளவுக்குச் சிவந்திருந்தன. அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. தன் ஆறு மணியைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்று தோன்றியது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார், கட்டிலுக்கும் வாசலுக்கும் கேட்கக்கூடாதது போல.

"கீழ இருக்கறப்போ நான் மாமா, நீங்க மாப்பிள்ளை. அதுல மாத்தமில்ல. மேல போனதுக்கப்புறம் மட்டும், முடிஞ்சா, அன்னிக்குக் கூப்பிட்டீங்களே, அந்த மாதிரி... டேய் சுண்டுன்னு கூப்பிடறீங்களா?"